காலை பத்து மணிக்குள் அணைந்தாக வேண்டும்

நெருப்புக்கு ஆபீஸ் நேரம் குறித்துக்கொடுத்த அரசாங்கம், எனக்குத் தெரிந்து, ஒன்றுதான். 1935இல் அமெரிக்க வனத்துறை ஓர் உத்தரவு போட்டது. தேசியக் காடுகளில் எந்த மூலையில் தீ கண்ணில் பட்டாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். முடியவில்லையா? அதற்கடுத்த நாள் காலை பத்து மணி. அதுவும் போச்சா? அதற்கும் அடுத்த நாள், அதே பத்து மணி. நாள் நகரலாம், மணி நகரக் கூடாது. இதற்கு ‘பத்து மணிக் கொள்கை’ என்றே பெயர்.

அந்த மணிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ராத்திரியில் காற்றில் ஈரம் ஏறும், தீ சோம்பிப் படுக்கும். வெயில் ஏறிச் சருகு காய்ந்து, மலைச்சரிவில் காற்று மேல்நோக்கிக் கிளம்பிவிட்டால் பிறகு அதன் ராஜ்யம். ஆகவே அது எழுந்து பல் தேய்ப்பதற்குள் அமுக்கிவிட வேண்டும். திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. காட்டுக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

உத்தரவு போட்டவர் ஃபெர்டினாண்ட் சில்காக்ஸ், துறைத் தலைவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, மனிதர் சூடு கண்டவர். 1910 ஆகஸ்ட் 20, 21 இரண்டே நாட்களில் ஐடஹோ, மொன்டானா மலைகளில் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தபோது அவர் அந்தப் பகுதியின் இளம் அதிகாரி. நம் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட திண்டுக்கல், மதுரை, தேனி மூன்று மாவட்டங்களும் சேர்ந்த பரப்பு, ஒரு சனி ஞாயிறில். குறைந்தது 85 பேர் செத்தார்கள், அதில் 78 பேர் தீயணைக்கப் போனவர்கள். வனத்துறைக்கு அப்போது வயது ஐந்து.

அந்த ஐந்து வயதுப் பிள்ளையைப் பெற்றுப் போட்டவர் கிஃபர்ட் பின்ச்சோ. மர வியாபாரத்திலும் சுவர்த்தாள் வியாபாரத்திலும் பணம் பண்ணிய குடும்பத்து வாரிசு. முன்னோர் வெட்டித் தீர்த்த பாவத்தைப் பேரன் நட்டுத் தீர்க்கலாம் என்று ஐரோப்பாவுக்குப் படிக்கப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த குரு டீட்ரிச் பிராண்டிஸ். பர்மாவில் தேக்கையும் பிறகு இந்தியாவின் மொத்தக் காடுகளையும் வெள்ளைக்கார அரசுக்காகக் கட்டி மேய்த்துவிட்டு ஓய்வுபெற்ற ஜெர்மானியர். நம் ஊர்க் காடுகளுக்குச் சட்டம் எழுதிய கையிலிருந்துதான் அமெரிக்காவுக்கும் பாடம் போயிற்று. காடு என்பது அரசின் சொத்து, தீ என்பது அதன் திருடன், உள்ளூர்க்காரன் அந்தத் திருடனின் கையாள். பாடத்தின் சாரம் இவ்வளவுதான்.

1910 தீயில் ஒரு நிஜ நாயகன் உண்டு. எட் புலாஸ்கி, வனத்துறைக்காரர். வாலஸ் என்ற சுரங்க ஊருக்குப் பக்கத்தில், நான்கு பக்கமும் தீ சூழ்ந்தபோது, சுமார் 45 கூலியாட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே புகை. பயத்தில் சிலர் வெளியே ஓடப் பார்த்தார்கள். புலாஸ்கி வாசலில் நின்று துப்பாக்கியை உருவி, முதலில் ஓடுகிறவனைச் சுடுவேன் என்றார். வாய்க்கட்டைகள் எரிய எரிய நனைந்த போர்வையால் அடித்து அணைத்து, கடைசியில் அவரும் மயங்கி விழுந்தார். பெரும்பாலோர் உயிரோடு வந்தார்கள். புலாஸ்கிக்குக் கண்ணும் நுரையீரலும் கெட்டுப்போயின.

இந்த இடத்தில் நம் ஊர் வாசகருக்கு அமெரிக்கா சட்டென்று நெருக்கமாகிவிடும். வைத்தியச் செலவுக்கு அரசாங்கம் காசு தரவில்லை. மனு போட்டார், எழுதினார், நடந்தார். பதிமூன்று ஆண்டு கழித்து ஒரு பத்திரிகை அனுபவக் கட்டுரைப் போட்டி வைத்தது. புலாஸ்கி தன் சுரங்கக் கதையை எழுதி அனுப்பி 500 டாலர் பரிசு வாங்கினார். துறை கொடுக்காததைப் பத்திரிகை கொடுத்தது. நடுவில் தன் பட்டறையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் கோடாலியும் மறுபக்கம் மண்ணைக் கொத்தும் அலகுமாக ஒரு கருவியைச் சீர்படுத்தினார். இன்றும் தீயணைப்பவர்கள் கையில் அதுதான், பேரும் புலாஸ்கிதான். அதற்கும் அவருக்குப் பெரிதாகக் காசு கிடைக்கவில்லை.

துறை கற்றுக்கொண்ட பாடம் வேறு. ஆள் போதவில்லை, பணம் போதவில்லை, பாதை போதவில்லை. இவை இருந்திருந்தால் தீயை ஜெயித்திருப்போம். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் பையைத் திறந்தது. இப்படித்தான் ஒரு தோல்வி ஒரு துறைக்கு வாழ்நாள் வேலை வாங்கிக் கொடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், காடு பற்றியெரிந்த அதே 1910 ஆகஸ்டில், ‘சன்செட்’ பத்திரிகையில் ஹாக்ஸி என்ற கலிஃபோர்னியாக்காரர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தீ காட்டுக்கு நல்லது, பழங்குடிகள் செய்தது போல நாமும் சிறு தீயை அவ்வப்போது வைத்துக் குப்பையைக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெருந்தீ தானே வந்து கழிக்கும் என்பது அவர் கட்சி. சரியான பேச்சு, தப்பான மாதம். எரிந்த மலையிலிருந்து சடலங்களை இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், ‘ஐயா, இன்னும் கொஞ்சம் தீ வைத்திருக்கலாம்’ என்று சொன்னால் எந்த ஊரில்தான் உதைக்க மாட்டார்கள்?

உதைத்தார்கள். சின்னத் தீ வைக்கும் பழக்கத்துக்கு ‘பையூட் வனவியல்’ என்று கேலிப் பெயர் சூட்டினார்கள். பையூட் என்பது ஒரு பழங்குடி இனம். காட்டுமிராண்டி செய்வதை விஞ்ஞானி செய்வானா என்று அர்த்தம். 1920இல் துறைத் தலைவராக வந்த வில்லியம் க்ரீலி அந்தத் தலைப்பிலேயே ஒரு கண்டனம் எழுதினார். அதே ஆண்டு இன்னொரு இளம் வன அதிகாரியும் பையூட் முறையைத் தாக்கி எழுதினார். அவர் பெயர் ஆல்டோ லியோபோல்ட். பிற்காலத்தில் இயற்கை ஆர்வலர்கள் எல்லாரும் படம் மாட்டி வணங்கும் அதே லியோபோல்ட்தான். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இவருக்கு ஒரு மகன் வருவார்.

பழங்குடிகளுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. கலிஃபோர்னியா, தான் மாநிலமான அதே 1850இல், அமெரிக்க இந்தியர்களின் ‘ஆளுகைக்கும் பாதுகாப்புக்கும்’ என்று ஒரு சட்டம் போட்டது. அந்தப் பாதுகாப்புச் சட்டத்திலேயே புல்வெளிக்குத் தீ வைப்பது தண்டனைக்குரிய குற்றம். வடக்கே க்ளாமத் ஆற்றங்கரையில் காரூக், யூரோக் மக்கள் ஹேசல் புதர்களை எரிப்பார்கள். எரிந்த தூரிலிருந்து மறுபருவம் கிளை பிரியாமல் நேராகக் குச்சிகள் கிளம்பும், அதில்தான் கூடை முடைய முடியும். எரிக்காத புதரின் குச்சி கோணல்மாணல், பூச்சி அரித்தது, கூடைக்கு ஆகாது. ஆக, கூடை முடையும் பெண்ணுக்கும் தீப்பந்தத்துக்கும் நேரடி உறவு. 1918இல் அந்தப் பகுதி வன அதிகாரி ஒருவர், தீ வைக்கும் இந்தியர்களைச் சுட்டுத்தள்ளுவதே நிச்சயமான வழி என்று மேலிடத்துக்கு எழுதினார். இதை நகைச்சுவையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

சரி, தீ எப்படித்தான் வேலை செய்கிறது? விறகடுப்பு மூட்டிய எந்தப் பாட்டிக்கும் தெரிந்த விஷயம்தான். முதலில் சருகு, பிறகு சுள்ளி, பிறகு விறகு, கடைசியில் கட்டை. இந்தப் பாட்டி வித்தையை அமெரிக்க விஞ்ஞானிகள் கணக்காக்கினார்கள். கால் அங்குலத்துக்கு மெலிந்த சருகும் புல்லும் ஒரு மணி நேர எரிபொருள். அதாவது காற்றின் ஈரம் மாறினால் ஒரு மணி நேரத்தில் அதுவும் பெருமளவு மாறிவிடும். ஓர் அங்குலம் வரை பத்து மணி நேரம். மூன்று அங்குலம் வரை நூறு. எட்டு அங்குலக் கட்டை ஆயிரம் மணி நேர ரகம்; காயவும் மாதக்கணக்கு, நனையவும் மாதக்கணக்கு. காலையில் பெய்த மழை மாலைக்குள் ஒரு மணி நேரச் சரக்குக்கு மறந்துபோகும். ஆகவே ‘காலையில்தானே மழை பெய்தது’ என்று நம்பி நிற்கிறவன் கெட்டான்.

அடுத்தது சரிவு. பள்ளத்தை நோக்கித் தீ நடக்கும், மேட்டை நோக்கி ஓடும். மேலே இருக்கும் புல்லை அதன் சொந்த வெப்பமே முன்கூட்டிக் காயவைத்துக்கொடுப்பதால், சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் இரட்டிக்கும் என்று ஆஸ்திரேலியாவின் மெக்ஆர்தர் ஒரு தோராய விதியே வைத்தார். மனிதன் இதற்கு நேர்மாறு: பள்ளத்தில் ஓடுவான், மேட்டில் மூச்சிரைப்பான். மலைத் தீயில் ஆட்கள் சாவதன் பாதிக் காரணம் இந்த ஒரு பொருத்தமின்மை.

மூன்றாவது, ஏணி. பாண்டரோசா பைன் காட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஒரு சிறு தீ ஓடும். பெரிய மரத்துக்குத் தடித்த பட்டை, ஒன்றும் ஆகாது. கீழே முளைத்த கன்றுகள் பெரும்பாலும் கருகும். மரத்துக்கு மரம் குதிரை வண்டி போகும் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். இந்தச் சிறு தீயைப் பத்து மணிக்குள் அணைத்துக்கொண்டே போனால்? ஏக்கருக்குச் சில பத்து மரங்கள் நின்ற இடத்தில் சில நூறு மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். கன்று மேல் இளமரம், இளமரத்தின் மேல் பெருமரம். அடுத்த தீ தரையில் ஓடாமல் படிப்படியாக ஏறி உச்சிக்குப் போய்விடும். உச்சியில் ஓடும் தீயை அணைக்க இன்றுவரை ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

அமெரிக்க வனத்துறை ஐம்பது ஆண்டுகள் செய்த வீர சாகசங்களை ஒரு வரியில் சொல்வதானால், உயிரைக் கொடுத்து ஏணி கட்டினார்கள்.

அதற்குப் பண உதவியும் ஆள் உதவியும் தாராளம். முப்பதுகளின் பஞ்சத்தில் வேலையில்லாமல் திரிந்த லட்சக்கணக்கான இளைஞர்களை அரசு காட்டுக்கு அனுப்பியது. உச்சிக்கு உச்சி காவல் கோபுரம், தொலைபேசிக் கம்பி, பாதை. 1940இல் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் படை வந்தது. சில்காக்ஸே தன் கொள்கையைக் கண்டம் அளவிலான ஒரு பரிசோதனை என்றுதான் வர்ணித்தார். பரிசோதனைக்கூடத்துக்குள்ளேயே ஜனங்கள் குடியிருந்தார்கள் என்பது மட்டும் சின்னச் சிக்கல்.

தெற்கே மட்டும் ஜனங்கள் கேட்கவில்லை. ஜார்ஜியா, ஃப்ளோரிடா விவசாயிகள் ஆண்டுதோறும் பைன் காட்டுக்குத் தீ வைத்துக்கொண்டே இருந்தார்கள். இருபதுகளின் கடைசியில், லாரியில் சினிமாப் புரொஜெக்டரைக் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகத் தீ ஒழிப்புப் பிரசாரம் போயிற்று. ஜனங்கள் இலவசப் படத்தை ரசித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் தீ வைத்தார்கள். துறை கடைசியில் ஜான் ஷே என்ற உளவியல் நிபுணரையே அனுப்பியது. கிராமத்தார் அவரிடம் காரணம் சொன்னார்கள்: புதுப்புல் வரும், உண்ணியும் பாம்பும் ஒழியும், அப்பனும் தாத்தாவும் வைத்தார்கள். நிபுணர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, 1940இல் முடிவு சொன்னார்: இவர்களுக்குப் பொழுது போகவில்லை, அதனால்தான் எரிக்கிறார்கள்.

இதற்கு ஒன்பது ஆண்டு முன்பே விடை அச்சில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது ஒரு காடை. அந்தப் பகுதியில் தோட்டம் வைத்திருந்த வடநாட்டுப் பணக்காரர்கள் காடை வேட்டைக்கு வருவார்கள். காடை குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்டு ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவரை ஆராய வைத்தார்கள். தோட்டங்களில் தீ நின்றதால் புதர் மண்டியது, புதர் மண்டியதால் காடை போயிற்று என்று அவர் 1931இல் தடித்த புத்தகமாகவே எழுதினார். தெற்கின் இலைநீண்ட பைனுக்கே தீ வேண்டும். குழந்தைப் பருவத்தில் அது புல் குத்து மாதிரி தரையோடு உட்கார்ந்து, குருத்தைச் சுற்றி ஊசி இலைகளை மூடி வைத்துக்கொண்டு, தீ மேலே போகட்டும் என்று காத்திருக்கும். ஏழை சொன்னது சபை ஏறவில்லை. பணக்காரனின் வேட்டைக்குக் குறை வந்ததும் தெற்கில் தீ மெல்ல மரியாதை பெற்றது.

மற்ற இடங்களில் மரியாதை கரடிக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தீ வைத்தால் எதிரிக்கு லாபம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். 1944இல் வால்ட் டிஸ்னி ‘பாம்பி’ மானை இனாமாகக் கொடுத்தார், ஆனால் ஓராண்டுக்கு மட்டும். கெடு முடிந்ததும் சொந்தமாக ஒரு மிருகம் வேண்டுமே என்று ஸ்மோக்கி கரடி பிறந்தது. தொப்பி, கால்சட்டை, கையில் மண்வாரி. 1950இல் நியூ மெக்ஸிகோ தீயில் பாதம் வெந்து மரத்தில் தொங்கிய நிஜக் கரடிக்குட்டி ஒன்று கிடைக்க, அதற்கு ஸ்மோக்கி என்று பெயரிட்டு வாஷிங்டன் மிருகக்காட்சிசாலையில் குடிவைத்தார்கள். 1952இல் கரடியின் பெயரைக் காக்கத் தனிச் சட்டம். குழந்தைகள் எழுதிய கடிதங்கள் குவிந்ததால் 1964இல் கரடிக்குத் தனிப் பின்கோடு: 20252. பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள், வாரிசு இல்லை, தத்து எடுத்தார்கள். 1975இல் முறைப்படி பணி ஓய்வு. புலாஸ்கியின் கண்ணுக்குக் காசு இல்லை என்ற துறைதான் இது.

கரடி புகழ் ஏறிக்கொண்டிருந்தபோது மொன்டானாவில் ஒரு மாலை. 1949 ஆகஸ்ட் 5, மேன் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. பாராசூட் படை 15 பேர் குதித்தார்கள். வானொலிப் பெட்டியின் பாராசூட் மட்டும் விரியவில்லை, பெட்டி நொறுங்கியது. சின்னத் தீதான், நாளைக் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தீ பள்ளத்தாக்கின் குறுக்கே தாவி அவர்களுக்குக் கீழே வந்து நின்றது. இவர்கள் மேட்டில், காய்ந்த புல்லில், செங்குத்துச் சரிவில். தலைவர் வேக் டாட்ஜ் கருவிகளைப் போடச் சொன்னார். ஓடினார்கள். தீ இன்னும் வேகமாக ஓடியது.

அப்போது டாட்ஜ் நின்று, குனிந்து, ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் முன்னால் இருந்த புல்லுக்கு வைத்தார். அது எரிந்து மேலே போயிற்று. எரிந்த சாம்பலுக்குள் நுழைந்து, ஈரக் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்தார். மற்றவர்களையும் கூப்பிட்டார். துரத்தி வரும் தீயிலிருந்து ஓடும்போது தலைவனே எதிரே தீ வைத்தால் புத்தி பேதலித்தது என்றுதான் தோன்றும். ஒருவரும் வரவில்லை. பெருந்தீ வந்தது, டாட்ஜைச் சுற்றிக்கொண்டு போனது. சாம்பலில் எரிய எதுவும் இல்லை. டாட்ஜ் பிழைத்தார், பாறை இடுக்கைப் பிடித்து ஏறிய இருவரும் பிழைத்தார்கள். தரையில் வந்து சேர்ந்துகொண்ட ஒரு காவலரோடு சேர்த்து 13 பேர் போனார்கள்.

டாட்ஜ் இதை யாரிடமும் கற்கவில்லை, அந்தக் கணத்தில் தோன்றியது என்றார். ஆனால் சமவெளிப் பழங்குடிகள் காலங்காலமாகச் செய்துவந்தது இதேதான். புல்தீ வந்தால் தன் காலடிப் புல்லைத் தானே எரித்துவிட்டு நிற்பது. துறை கேலி செய்த அந்தப் பையூட் வனவியலின் அவசர காலப் பதிப்பு. தீ நடத்தையை ஆராய்ந்த முன்னோடி ஹாரி கிஸ்போர்ன், நடந்ததைப் புரிந்துகொள்ள இதய நோயோடு அந்தச் சரிவில் ஏறினார். நவம்பரில் அங்கேயே மாரடைப்பில் இறந்தார். அதன் பிறகுதான் மிசோலாவில் தீ ஆய்வுக்கூடம் வந்தது. விமானப் பொறியியல் படித்த ரிச்சர்ட் ராதர்மெல் காற்றுக் குகைக்குள் மரச்சீவலை எரித்து எரித்து அளந்து, 1972இல் தீ பரவும் வேகத்துக்குச் சமன்பாடு கொடுத்தார். இன்றைய தீ மென்பொருள் பலவற்றின் வயிற்றிலும் அதுதான் இருக்கிறது.

நடுவில் சில கலகக்காரர்கள். பழங்குடி நிலங்களில் வேலை பார்த்த ஹெரால்ட் வீவர் 1943இல் பைன் காட்டுக்குத் தீ தேவை என்று எழுதியபோது, இது அவர் துறையின் கருத்தல்ல என்று கட்டுரையோடு ஒரு கைகழுவலும் அச்சாயிற்று. பெர்க்லியில் ஹெரால்ட் பிஸ்வெல் மாணவர்களைக் கூட்டிப்போய் எரித்துக் காட்டினார். ‘தீப்பந்த ஹாரி’ என்று பட்டம் கிடைத்தது. பிறகு செக்வோயா மரங்கள் சாட்சி சொல்ல வந்தன. ஈராயிரம் வயது மரங்கள் நிற்கின்றன, கீழே ஒரு கன்று கூட இல்லை. வெப்பம் பட்டால்தான் காய்கள் பெருவாரியாக வெடித்து விதை உதிரும், வெற்று மண் கிடைத்தால்தான் விதை பிடிக்கும் என்று அறுபதுகளின் ஆய்வு சொன்னது. பாதுகாத்தே மலடாக்கியிருந்தார்கள். 1963இல் தேசியப் பூங்காக்களுக்கு ஒரு நிபுணர் குழு தீயைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. குழுத் தலைவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். ஆமாம், ஆல்டோவின் மகன். அப்பன் மூட்டிய வழக்கை மகன் வாபஸ் வாங்க 43 ஆண்டு ஆயிற்று.

வனத்துறை 1978இல் பத்து மணியைக் கைவிட்டது. உடனே எல்லாம் சுபம் ஆகிவிடவில்லை. 1988இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் சில தீக்களை இயற்கை என்று விட்டுவைத்தார்கள். வறட்சியும் காற்றும் சேர்ந்து பூங்காவின் 36 சதவீதத்தைத் தொட்டன. 25,000 பேரும் 12 கோடி டாலரும் அணைக்க முடியாததைச் செப்டம்பர் 11 அன்று கால் அங்குலப் பனி அடக்கியது. 2000 மே மாதம், திட்டமிட்டுக் குப்பை எரிக்கப்போன தீ ஒன்று கைமீறி, அணுகுண்டு பிறந்த லாஸ் அலாமோஸ் நகரில் 400 குடும்பங்களின் வீட்டைத் தின்றது. 2022இல் அதே நியூ மெக்ஸிகோவில் வனத்துறை தானே வைத்த தீ 3.41 லட்சம் ஏக்கரைக் கொளுத்தி அந்த மாநிலத்தின் மிகப்பெரிய காட்டுத் தீயாயிற்று. ஏணியை இத்தனை ஆண்டு கட்டிவிட்டு ஒரு மத்தியானத்தில் இறக்கப் பார்த்தால் இப்படித்தான்.

நாம் சிரிக்க அதிகம் இல்லை. 1882 சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் பிலிகிரிரங்கன் மலையில் சோளிகப் பழங்குடிகள் தை, மாசியில் வைத்துவந்த சருகுத் தீயும் நின்றுபோனது. அதன் பிறகே உண்ணிச்செடி காட்டை மூடியது என்று அவர்கள் சொல்கிறார்கள். அங்கேயும் கேட்க ஆள் இல்லை.

கலிஃபோர்னியா மட்டும் 2024இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பழங்குடி அரசுகள் மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பெர்மிட்டுக்கு வரிசையில் நிற்காமல், தங்கள் முறைப்படி எரிக்கலாம். 1850 தடைக்குப் பிறகு 174 ஆண்டு. 2025இல் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் காரூக் மக்கள்.